“இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே, நெசமா?”: மெடிக்கலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் சீட்டை மட்டும் நீட்டுவார்கள். இப்போது சீட்டோடு, மருத்துவ ஃபார்வர்டு வந்த போனையும் சேர்த்து நீட்டி, “நெசமா?” என்று கேட்கிறார்கள். கூட்ட நேரத்தில் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்கு முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

படித்தவர்கள்கூட இந்த ஃபார்வர்டுகளை எப்படி நம்புகிறார்கள்?

படிப்புக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பேங்கில் வேலை பார்ப்பவரும் கேட்கிறார், வாழைக்காய் மண்டியில் மூட்டை தூக்குபவரும் கேட்கிறார். செய்தி யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் முதலில் வேலை செய்கிறது. பெரியம்மா அனுப்பியிருக்கிறார், கூடப் படித்தவன் அனுப்பியிருக்கிறான் என்றால், நமக்குக் கெடுதல் நினைக்காதவர்கள் அனுப்பியது என்று மனசு உடனே ஏற்றுக்கொள்கிறது.

அடுத்த காரணம் நேரம். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பாதி நாள் காத்திருந்து டாக்டரைப் பார்த்தால் கிடைப்பது சில நிமிடங்கள். மாத்திரையை ஏன் மாற்றினார், எத்தனை வருடம் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்க வாய் வருவதில்லை. ராத்திரி வீட்டில் படுத்துக்கொண்டு போனைத் திறந்தால், ஒருவர் பத்து நிமிடம் நம்ம ஊர் பேச்சில், அந்தக் கேள்விகளுக்கே பொறுமையாகப் பதில் சொல்கிறார். அவர் சொல்வது தப்பாக இருக்கலாம். ஆனால் கேள்வியை மதித்தவர் அவர்தான் என்று கேட்பவருக்குத் தோன்றுகிறது.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எதிர்வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டார், பிறகு அவருக்குக் கிட்னி போனது. அதனால் மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது! கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள், கற்பனை செய்து சொல்லவில்லை. அதனால்தான் “இதெல்லாம் பொய்” என்று ஒரே வார்த்தையில் தள்ளினால் யாரும் கேட்பதில்லை.

சரி, சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா, கெடுக்காதா?

பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிற மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் வருடக்கணக்கில் கிட்னியின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அரிக்கிறது. கூடவே ரத்த அழுத்தமும் இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், கிட்னி ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் டாக்டர் மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். மருந்து சரியாக வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடும் என்பதற்காகச் செய்வது அது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது “மாத்திரையால் கிட்னி கெட்டுப்போய் நிறுத்தினார்கள்” என்று கேட்கிறது. அந்த வாக்கியம் தெரு முழுக்கப் போய், பிறகு வீடியோவாகத் திரும்பி வருகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். கால் புண்ணுக்குப் போடுகிற பவுடர் மட்டும் வேண்டும் என்றார். பணம் எடுக்கப் பையைத் திறந்தபோது, பிரிக்காத மெட்ஃபார்மின் அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்காக உள்ளே கிடந்தன. “ஏங்கய்யா சாப்பிடலையா?” என்றதும் போனை எடுத்துக் காட்டினார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், மாத்திரையை விட்டுவிட்டு ஒரு பொடியை வாங்கச் சொல்கிறார். கீழே போன் நம்பர். காலைக் காட்டச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே செருப்பு வார் அறுத்த இடம், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. “வலிக்கவே இல்லப்பா, அதான் விட்டுட்டேன்” என்றார். வலிக்காததுதான் ஆபத்து, நரம்பில் உணர்ச்சி போயிருந்தது. மகனுக்குப் போன் போடச் சொல்லி அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு விரலோடு போயிற்று, காலுக்கு வரவில்லை. பிரிக்காத அந்த அட்டைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வெறும் வெந்தயமாகக்கூட இருக்கலாம். அவருக்குக் கெடுதல் செய்தது, மாத்திரையை நிறுத்தியது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களிலும் நான் இதைத்தான் பார்க்கிறேன்: எதைச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்பதற்கு முன்னால், எதை நிறுத்தச் சொல்கிறார்கள், எங்கே போவதைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பாகற்காய் பிடித்தால் சாப்பிடுங்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடியுங்கள். மாத்திரை ஓடட்டும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை எடுங்கள். அது இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி டாக்டரிடமே பேசலாம்.

சிறு பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்துவது சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும். அதில் சோதித்துப் பார்க்க இடமே இல்லை.

காசு இல்லாமல் மாத்திரையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

பரோட்டா மாவில் அலாக்சன் கலக்கிறார்களாம், அதனால்தான் சர்க்கரை நோய் வருகிறதாம். உண்மையா?

மதுரைக்காரர்களிடம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லில் பரோட்டா தட்டும் சத்தம் கேட்கிற ஊர். 2020-ல் முகக்கவசம் போடச் சொல்லி மாஸ்க் வடிவத்திலேயே பரோட்டா போட்டு விற்ற ஊரும் இதுதான்.

ஃபார்வர்டில் பாதி உண்மை இருக்கிறது. அலாக்சன் என்ற ரசாயனம் உண்டு. ஆய்வகத்தில் எலிக்கு அதை ஊசியாகப் போட்டால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து சர்க்கரை நோய் வரும். மருந்துகளைச் சோதிக்க அப்படிச் செய்வார்கள். ஆனால் மைதாவில் அதை யாரும் சாமானாகச் சேர்ப்பதில்லை. மாவை வெளுக்க வைக்கும்போது தடயம் அளவுக்கு உண்டாகலாம் என்ற பேச்சுதான் இப்படி வளர்ந்துவிட்டது. அந்த அளவு மனிதருக்குச் சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்பதற்குச் சான்று இல்லை. எலியின் கணையத்தைவிட மனிதக் கணையம் அலாக்சனை நன்றாகவே தாங்கும்.

அப்படியென்றால் பரோட்டா நல்லதா என்று உடனே கேட்பார்கள். நல்லதென்று நான் சொல்லவில்லை. நார்ச்சத்து நீக்கிய மாவு, அதன் மேல் எண்ணெய், சால்னாவில் இன்னொரு பங்கு எண்ணெய், அதுவும் படுக்கப் போகும் நேரத்தில் நான்கு ஐந்து என்று உள்ளே போகிறது. இதுவே போதும் கெடுதலுக்கு, ரசாயனம் தேவையில்லை. இந்த ஃபார்வர்டில் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. “நான் மைதாவே தொடுவதில்லை” என்று சொல்லிவிட்டு மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறு சாப்பிட்டு, சர்க்கரை பார்க்காமலே இருப்பவர்கள் அதிகம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்கள் எல்லாம் பரோட்டா சாப்பிட்டு வந்தவர்கள் இல்லை. முப்பது வயதைத் தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு கொடுக்கலாமா?

நிலவேம்புக் குடிநீரை அரசே டெங்கு காலத்தில் ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறது. சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பப்பாளி இலைச் சாறு ரத்தத் தட்டணுக்களை (பிளேட்லெட்) கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. உயிரைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணமாகவில்லை. டெங்குவில் தட்டணு இறங்கி, தானாகவே ஏறும். ஏறுகிற நாளில் எதைக் குடித்திருந்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது.

பச்சை இலைச் சாறு கசப்பில் பல பேருக்கு வாந்தி வரும். டெங்குவில் விடாத வாந்தி ஒரு அபாய அறிகுறி. வாந்தி சாற்றினால் வந்ததா, நோயினால் வந்ததா என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். பிள்ளைகளுக்கு வற்புறுத்திப் புகட்டாதீர்கள்.

இன்னொன்று. காய்ச்சல் விட்டுவிட்டால் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லென்று ஆவது, பிள்ளை சோர்ந்துபோய்க் கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக் கசிவு கூடும். “உடம்பு வலிக்குது, ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்கண்ணே” என்று காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு நான் அவற்றைத் தருவதில்லை. அதில் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு, போகட்டும். கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் கரைசல் நிறையக் கொடுங்கள். தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் டிரம்மை மூடி வையுங்கள். அந்தக் கொசு வீட்டுத் தண்ணீரில்தான் முட்டை இடுகிறது, பகலில்தான் கடிக்கிறது.

விவேக் சாருக்குத் தடுப்பூசியால்தானே அப்படி ஆனது?

மதுரையில் இந்தக் கேள்வி வெறும் செய்தியாக வருவதில்லை, துக்கத்தோடு வருகிறது. நடிகர் விவேக் இங்கே அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், நம்ம ஆள் என்ற நெருக்கம் இங்கே உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனையில், மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று எல்லோரும் பார்க்கக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். அடுத்த நாள் மாரடைப்பு, 17-ம் தேதி இறந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாகச் சிகிச்சை கொடுத்த டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அதே வருடம், மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற முடிவைச் சொன்னது. இறந்த செய்தி ஒரே நாளில் எல்லா போனுக்கும் போனது. ஆறு மாதம் கழித்து வந்த முடிவு எத்தனை போனுக்குப் போனது?

அப்படிப்பட்ட அடைப்பு ஒரே இரவில் கட்டுவது அரிது. பெரும்பாலும் வருடக்கணக்கில் கொழுப்பு படிந்து, ஒரு நாள் அதன் மேல் ரத்தம் உறைந்து அடைக்கிறது. மாரடைப்பு ஊசி இல்லாத காலத்திலும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் ஊசி போடும்போது, அந்த வாரம் எப்படியும் வரவேண்டிய மாரடைப்புகளில் சில ஊசிக்கு அடுத்த நாளில் விழும். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தக் கூடாது. எதிரே இருப்பவர் தனக்குப் பிடித்த ஒருவரை இழந்தவர்.

ஊசியில் பக்கவிளைவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. காய்ச்சல், கை வலி சாதாரணம். கோவிஷீல்டு வகை ஊசியில் மிக அரிதாக ரத்த உறைவு வந்தது உண்மை. இருப்பதை இருக்கிறபடி சொன்னால்தான், இல்லாததை இல்லை என்று சொல்லும்போது நம்புவார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி பள்ளிக்கூடங்களில் போட ஆரம்பித்தபோது இதைத்தான் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது, பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள், முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கண், காது, இதயம் பாதிக்கும், அதைத் தடுக்கத்தான் இது என்று அம்மாக்களுக்கு முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், அந்தப் பயத்தில் பாதி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நெஞ்சு வலித்தால் பலமாக இருமினால் போதுமா? பூண்டு, இஞ்சி, எலுமிச்சை காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையுமா?

இரண்டும் இல்லை. இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம், இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம். “கேஸ்தான்” என்று சோடா குடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் 108. கிராமத்தில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இதயம் காப்போம் திட்டத்தில் முதலில் தரவேண்டிய மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பூண்டுக் குழம்பு சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு. கட்டிய அடைப்பைக் கரைக்காது.

வெங்காரம் சாப்பிட்டால் உடம்பு குறையும் என்று ஒரு வீடியோ வந்தது. நாட்டு மருந்துதானே?

இதில் மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன். வெங்காரம் என்பது போராக்ஸ். நாட்டு மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. சித்த மருத்துவத்தில் அதைப் பொரித்துச் சுத்தி செய்து, குன்றிமணி அளவுக் கணக்கில் மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். பச்சையாகக் கரைத்துக் குடித்தால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, கிட்னி பாதிப்பு, உயிருக்கே ஆபத்து. வயசுப் பிள்ளைகள் அம்மாவுக்குத் தெரியாமல் வாங்குகிறார்கள். குண்டாக இருக்கிறாய் என்று வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லிச் சொல்லி, அந்த வீடியோ முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பது நாம்தான். யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செடி என்பதால் பாதுகாப்பு என்ற நினைப்பும் வேண்டாம். கொடிய விஷமான கண்வலிக் கிழங்கும் செடிதான்.

கண்ணில் நெல் தூசி விழுந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடலாமா?

வேண்டாம். அறுப்புக் காலத்தில் இலையோ உமியோ கருவிழியைக் கீறினால் அதன் வழியாகப் பூஞ்சைக் கிருமி உள்ளே போகும். 1990-களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டார்கள். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே காட்டுங்கள். மெடிக்கலில் “கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து” என்று கேட்டு வாங்குவதும் ஆபத்து; ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை இன்னும் பெரிதாக்கிவிடும். 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஊர் இது. சுற்றுப்பட்டு ஊர்களிலும் பார்வை மையங்கள் இருக்கின்றன.

யூடியூபில் பேசுபவர் உண்மையான டாக்டரா என்று எப்படிப் பார்ப்பது?

அலோபதி டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். சித்த மருத்துவருக்கும் படிப்பும் பதிவும் உண்டு. எண்ணைச் சொல்லத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே “சர்க்கரையை வேரோடு நீக்குவேன்” என்று கூவி விற்பவர் சட்டத்தையும் மீறுகிறார். பிரபல டாக்டர்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்த வீடியோக்களும் வருகின்றன. முகத்தைப் பார்த்து நம்பாதீர்கள். கடைசியில் ஏதாவது வாங்கச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

சொந்தக்காரர்கள் குரூப்பில் பெரியவர் தப்பானதைப் போட்டால் எப்படிச் சொல்வது?

குரூப்பில் சொல்லாதீர்கள். எல்லோர் முன்னாலும் சின்னவர்கள் திருத்தினால் அவருக்கு அவமானம். செய்தி சரியா தப்பா என்பது போய், மரியாதைச் சண்டையாகிவிடும். தனியாகப் போன் போடுங்கள். முதலில் அவர் ஏன் அனுப்பினார் என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு பயம் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி நடந்தது:

“மாமா, அந்த பிரஷர் மாத்திரை பத்தி போட்டீங்களே, நீங்க சாப்பிடுறத நிறுத்திட்டீங்களா?”

“இல்லடா… ஒரு வாரமா ஒண்ணு விட்டு ஒரு நாள் போடுறேன். தலை சுத்துது.”

“எந்திரிக்கும்போதா, எந்நேரமுமா?”

“காலைல எந்திரிக்கும்போதுதான்.”

விஷயம் அதுதான். தலை சுற்றலுக்குக் காரணம் தேடியவர் கண்ணில் அந்த வீடியோ பட்டிருக்கிறது. டாக்டரிடம் அழைத்துப்போனார்கள், மாத்திரையின் அளவு மாறியது, தலை சுற்றல் நின்றது. பிறகு அவரே குரூப்பில் “நான் முன்னாடி போட்டது தப்பு, யாரும் டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க” என்று போட்டார். மருமகன் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

வந்த செய்தியை நாமே சரிபார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கும் தெரியாது. தேதி, ஊர், ஆஸ்பத்திரிப் பெயர் எதுவும் இல்லாமல் “ஒரு பெரிய டாக்டர் சொன்னார்” என்று இருந்தால் ஒதுக்குங்கள். சந்தேகம் தீரவில்லையா, 104-க்குப் போன் போட்டுத் தமிழிலேயே கேட்கலாம், காசு கிடையாது.

அப்படியானால் இந்தக் குரூப்புகளால் நன்மையே இல்லையா?

நிறைய இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சை எடுக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காப்பீட்டு அட்டைக்கு எந்தக் காகிதம் வேண்டும், எந்த நாளில் எந்த டாக்டர் இருப்பார் என்பதை எந்த அறிவிப்புப் பலகையையும்விடச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் தேவை என்று போட்டால், காலையில் பெரியாஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையத்தில் பையன்கள் வந்து நிற்கிறார்கள்.

அதில் ஒரே ஒரு சிக்கல். “ஓ நெகட்டிவ் அவசரம்” என்ற செய்தி, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் சுற்றுகிறது. அந்த நம்பருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். சில நேரம் அந்த நோயாளி இறந்துபோயிருப்பார், வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு போனுக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ரத்தம் கேட்டு எழுதும்போது தேதி, நேரம், ஆஸ்பத்திரி, வார்டு எல்லாவற்றையும் போடுங்கள். கிடைத்ததும் “கிடைத்துவிட்டது, யாரும் அனுப்ப வேண்டாம்” என்று அதே குரூப்பில் எழுதுங்கள். உங்களுக்கு அப்படி ஒன்று வந்தால், அனுப்புவதற்கு முன் அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டுக் கேளுங்கள்.